காபிக்குத் துணை கோலி சோடா

கெட்டியான காபியோடு குடிக்க உலகத்திலேயே நல்ல தண்ணீர் எது என்று என்னைக் கேட்டால், உப்பும் எலுமிச்சையும் சேர்க்காத, நல்ல தண்ணீரில் போட்ட நம்ம ஊர் கோலி சோடாதான் என்பேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழக் காரணம் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தங்கை மகன். காரைக்கால் பக்கத்தில் இது அதிசயமில்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண். இன்றும் பிரான்சில் ஒரு உறவுக்காரராவது இல்லாத தெரு இங்கே குறைவு. வந்தவன் பெட்டியில் சின்னதாக ஒரு எஸ்பிரஸ்ஸோ மெஷின் கொண்டுவந்திருந்தான். இரண்டு நாள் கழித்து, "மாமா, இதோட குடிக்க நல்ல ஸ்பார்க்ளிங் வாட்டர் போலகத்துல கிடைக்குமா?" என்று கேட்டான். "கேஸ் ஏத்தின தண்ணிதானேப்பா? சோடான்னு கேளு" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் குடிதண்ணீரோடு மல்லுக்கட்டியவன் நான். தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

முதலில் எஸ்பிரஸ்ஸோ என்றால் என்ன என்பதைச் சரிசெய்துகொள்வோம். நம் தலைமுறைக்கு எஸ்பிரஸ்ஸோ என்றால் கல்யாண வரவேற்பில் 'புஸ்ஸ்' என்று ஆவி விடும் மெஷினில் பாலை நுரைக்க வைத்து, மேலே கோகோ பவுடர் தூவிக் கொடுப்பார்களே, அதுதான். இத்தாலிக்காரன் அதைப் பார்த்தால் அழுதுவிடுவான். அவனுடைய எஸ்பிரஸ்ஸோவில் பால் கிடையாது. பொடியாக அரைத்த காபித்தூளில் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, 25 முதல் 30 விநாடிக்குள் 25, 30 மில்லி மட்டும் இறக்குவது. மிலான் நகரத்து லூயிஜி பெசெரா இதற்கு முன்னோடியான மெஷினுக்கு 1901-இல் காப்புரிமை எடுத்தார். நம் கணக்கில் சொன்னால், பித்தளை ஃபில்டரில் இறங்கும் கள்ளிச்சொட்டு முதல் டிகாக்‌ஷனுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

இவ்வளவு கெட்டியான ஒன்றைக் குடிக்கும்போது பக்கத்தில் தண்ணீர் வைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். வியன்னா காபி ஹவுஸில் ஒரு சின்னத் தட்டில் காபியும் தண்ணீர் டம்ளரும் சேர்ந்தே வரும். துருக்கிக் காபிக்கும் தண்ணீர் வைப்பார்கள். நம் வீடுகளிலும் வந்தவருக்கு முதலில் சொம்பில் தண்ணீர், பிறகுதான் காபி. நேபிள்ஸ் நகரத்தில் தண்ணீரைக் காபிக்கு முன்னால்தான் குடிப்பார்களாம். வாய் சுத்தமானால்தான் காபியின் ருசி முழுதாகத் தெரியும். காபிக்குப் பிறகு குடித்தால், நாக்கில் தங்கியிருக்கும் அந்த வாசனையை நாமே கழுவிவிட்டதாகும். சூடான காபி குடித்த கையோடு பச்சைத் தண்ணீர் குடித்தால் பல் கூசும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆக, முன்னால் குடிப்பதே சரி.

சரி, வெறும் தண்ணீர் போதாதா, கேஸ் எதற்கு? அந்தச் சுருக்கென்ற உணர்வு குமிழி உடைவதால் மட்டும் வருவதல்ல. கரியமில வாயுவைப் புளிப்பை உணரும் செல்களே கண்டுகொள்கின்றன என்று 2009-இல் ஓர் ஆய்வில் தெரியவந்தது. அந்தச் செல்களின் மேல் உள்ள ஒரு நொதி, வாயுவை அமிலமாக மாற்றுகிறது. அந்த நொதியை அடக்கும் மருந்துதான் டயமாக்ஸ். கண் அழுத்த நோய்க்கு நம்மில் சிலர் சாப்பிட்டிருப்போம். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் சோடா சப்பென்று இருக்கும். "சோடாக்காரன் ஏமாத்திட்டான்" என்று அவரைத் திட்டாதீர்கள். அந்த மெல்லிய புளிப்பும் சுருக்கும் நாக்கை எழுப்பிவிடுகின்றன. பிறகு காபியைக் குடித்தால் அதன் இனிப்பும் கசப்பும் தனித்தனியாகத் தெரியும். சும்மா தண்ணீர் இதை இந்த அளவுக்குச் செய்யாது.

இனி எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. கேஸ் எல்லா இடத்திலும் ஒன்றுதான், கரியமில வாயு. வித்தியாசம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளில் இருக்கிறது. இதைத்தான் டிடிஎஸ் என்கிறோம். பிரான்சின் பெர்ரியே தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 475 மில்லிகிராம். இத்தாலியின் சான் பெல்லக்ரினோவில் 850-ஐ ஒட்டி வரும். ஸ்பெயினின் விச்சி கத்தலானில் ஏறக்குறைய 3,000. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. அப்படியானால் விச்சி கத்தலான் மாதிரித் தண்ணீர் வயிற்றுக்கு மருந்தாகக் குடிக்கலாமே தவிர, காபிக்குத் துணையாகாது. அதற்கே ஒரு தனி ருசி இருப்பதால் காபியோடு போட்டி போடும்.

நம் வயதுக்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விச்சி கத்தலானில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விடாத நமக்கு இது சின்ன விஷயமில்லை. பெர்ரியேயில் சோடியம் மிகக் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் சோடாவிலும் சிலவற்றில் சோடியம் உப்பு சேர்ப்பதுண்டு. லேபிளில் பொடி எழுத்தில் 500 என்று ஆரம்பிக்கும் எண் இருந்தால் அது சோடியம் கார்பனேட் வகை. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

"அதெல்லாம் சரி மாமா, அது இயற்கையான ஊற்றுத் தண்ணி" என்றான் தங்கை மகன். அந்தப் பெயருக்குத்தான் அத்தனை விலை. ஆனால் 1990-இல் பெர்ரியே பாட்டில்களில் பென்சீன் என்ற ரசாயனம் இருப்பது தெரிந்து, உலகம் முழுவதிலும் இருந்து சுமார் 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 2024-இல், பெர்ரியே உள்ளிட்ட பிரான்ஸ் தண்ணீர்களை அங்கே அனுமதியில்லாத முறையில் வடிகட்டியும் புற ஊதாக் கதிர் பாய்ச்சியும் வந்ததாக நெஸ்லே நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே 20 லட்சம் யூரோ அபராதம் கட்டியது. அந்தத் தண்ணீரைக் கெட்டது என்று சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. கடல் கடந்து வரும் பாட்டிலிலும் வடிகட்டிய தண்ணீர்தான் இருந்தது என்றால், நம் ஊரில் வடிகட்டிய தண்ணீரைக் கேவலமாக நினைப்பானேன்?

இப்போது கோலி சோடாவுக்கு வருகிறேன். அந்த பாட்டிலும் இங்கே பிறந்ததல்ல. இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872-இல் காப்புரிமை எடுத்த பாட்டில் அது. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைக் கவிழ்த்து கேஸோடு தண்ணீரை நிரப்பினால், அழுத்தம் கோலியைத் தள்ளி வளையத்தில் அடைத்துவிடும். மூடியும் தக்கையும் தேவையில்லை. குடிக்கும்போது கோலி வந்து வாயை அடைக்காமலிருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம். பள்ளம் உள்ள பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்க்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் அரை டிராயர் வயதிலேயே தெரியும். கட்டை விரலால் அழுத்தி 'டொப்'பென்று உடைப்பவரைப் பார்த்து வாய் பிளந்த தலைமுறை நாம். மேடையில் தொண்டை கட்டினால் "அண்ணனுக்கு ஒரு சோடா!" என்று குரல் போகும். கூட்டம் கலவரமானால் அதே பாட்டில் பறந்தும் வரும்.

கண்டுபிடித்த நாட்டில் அது போய்விட்டது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இனிப்புப் பானத்துக்கு இன்னும் இருக்கிறது. நம்மிடம் இருக்கிறது. 2025-இல் மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபீடா, 'கோலி பாப் சோடா' என்று பெயர் வைத்து வளைகுடாவுக்கு அனுப்ப உதவியதாகப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வெளியூர்க்காரன் வாங்கினால்தான் நமக்கு அதன் மதிப்புத் தெரியும் போலிருக்கிறது.

கோலி சோடாவை நான் பரிந்துரைக்க மூன்று காரணம். ஒன்று, சாதா சோடாவில் தண்ணீரும் கேஸும் தவிர வேறில்லை. இரண்டு, கண்ணாடி பாட்டில், கழுவித் திரும்பப் பயன்படுவது. குப்பை இல்லை. மூன்று, காபிக்கு வேண்டியது இரண்டு மூன்று வாய்தான். அதற்கு இந்தச் சின்ன பாட்டில் சரியான அளவு. இறக்குமதி பாட்டில் ஒன்றின் விலைக்கு இங்கே பத்து சோடா வாங்கலாம் என்பது போனஸ்.

ஆனால் ஒரு நிபந்தனை. தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும். இங்கேதான் என் கவலை. போலகம், திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் எல்லாம் கடலோரம். காவிரியின் கடைமடை. கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பு ஏறாமல் அது தாங்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. திருப்பிப் பார்த்தால், போர் போட்டு ஒரு அடி இறக்கினால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். ஆற்றில் தண்ணீர் வராத வருடம் ஊறுவது இல்லை, உறிஞ்சுவது மட்டும் நடக்கிறது. நாம் சின்ன வயதில் கிணற்றில் இறைத்துக் காபி போட்ட தண்ணீர் இன்று எத்தனை வீட்டில் வாயில் வைக்கும்படி இருக்கிறது? எல்லோரும் கேன் தண்ணீருக்குப் போய்விட்டோம்.

சோடா போடுகிறவரும் ஆர்ஓ தண்ணீரைத்தான் நம்புகிறார். சோடாவுக்கு அது பொருந்தும். உப்பு குறைந்த, தனக்கென்று ருசி இல்லாத தண்ணீர்தான் காபிக்கு முன்னால் வேண்டும். காபி போடுவதற்குத்தான் அது பொருந்தாது. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் காபி இறக்கும் தண்ணீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் சுற்றி. முப்பது, நாற்பது என்று இறங்கிய ஆர்ஓ தண்ணீரில் காபி வெளிறிப் புளிக்கும். ஆயிரத்தைத் தாண்டிய போர்த் தண்ணீரில் மங்கிப்போகும். கும்பகோணத்துக் காபிக்குக் காவிரித் தண்ணீர்தான் ருசி என்று பெரியவர்கள் சொன்னது வெறும் ஊர்ப் பெருமையில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோடா யோசனை பால் சேர்க்காத காபிக்கு மட்டும். எஸ்பிரஸ்ஸோவோ, கெட்டி டிகாக்‌ஷனில் போட்ட கடுங்காபியோ, அதற்குப் பொருந்தும். பால் விட்டு நுரை பொங்க ஆற்றிய ஃபில்டர் காபிக்குச் சோடா ஆகாது. அதற்கு மண்பானைத் தண்ணீர் ஒரு டம்ளர், அதுவும் முன்னால். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் கடுங்காபியையும் சோடாவையும் ஒன்றாகத் தொடாமலிருப்பது உத்தமம்.

குடிக்கும் முறை எளிது. சோடா குளிர்ந்திருக்க வேண்டும், பல் கூசும் அளவுக்கு வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் தங்கும். சாதாரண அழுத்தத்தில், உறையும் நிலைக்கு அருகே லிட்டருக்கு மூன்று கிராமுக்கு மேல் கரையும் வாயு, நம் வெயிலில் ஒன்றரை கிராமுக்கும் குறைந்துவிடும். உடைத்ததும் இரண்டு வாய் குடியுங்கள். அரை நிமிடம் பொறுத்துக் காபியை எடுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள், அது எந்தத் தண்ணீரில் செய்ததோ யாருக்குத் தெரியும்?

சோடா வாங்கும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். "தம்பி, எந்தத் தண்ணில போடுறீங்க? பாட்டில் கழுத்தை எப்படிக் கழுவுறீங்க?" நல்லவர் மறைக்காமல் சொல்வார். முடிந்தால் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். உங்கள் கிணறு, போர், கேன் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓய்வு பெற்ற நமக்கு நேரமா இல்லை? நாலைந்து வருடக் கணக்கு சேர்ந்தால், ஊரில் உப்பு எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்று ஆதாரத்தோடு கேட்கலாம், குளம் தூர்வாரச் சொல்லலாம்.

காபித்தூள் குடகிலிருந்தும் சிக்மகளூரிலிருந்தும் வரும். கேஸ் சிலிண்டரில் வரும். மெஷின் பாரிஸிலிருந்தும் வரும். தண்ணீர் மட்டும் இந்த மண்ணில்தான் ஊற வேண்டும். அதைக் காப்பாற்றிக் கொடுத்தால், பேரப்பிள்ளைகளும் இங்கேயே நல்ல காபி குடிப்பார்கள்.