அலிபிரிப் படியில் கற்பதைக் கம்பெனியில் மறப்பதேன்?

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் விடுமுறை. அன்றைக்குக் குடும்பத்தை எங்காவது அழைத்துப் போகவேண்டும் என்றால் பக்கத்தில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. பழவேற்காடு ஏரி இருக்கிறது. நேலப்பட்டில் பறவைகள் இருக்கின்றன. ஆனாலும் தடா, சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்து வாடகை வீடுகளிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பங்களில் பெரும்பாலானவை போவது திருப்பதிக்குத்தான். குழந்தைக்கு மொட்டை, பாட்டிக்கு வேண்டுதல் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

இந்தப் பகுதியில் தமிழ் பேசுவோர் புதிதாக வந்தவர்கள் மட்டும் அல்ல. 1960-ல் எல்லை மாற்றம் நடந்தபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. 2008-ல் ஸ்ரீ சிட்டி தொடங்கியது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் ஷிப்டுக்கு வந்து போவோரும் ஏராளம்.

கம்பெனிகளில் இப்போது 'டீம் ஒர்க்' வகுப்பு நடத்துவது வழக்கமாகிவிட்டது. தொழிலாளிகளைக் கூட்டி வைத்து பலூன் ஊதச் சொல்கிறார்கள், பந்து பிடிக்கச் சொல்கிறார்கள், கடைசியில் ஒரு சான்றிதழும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாள் லைனில் போய் நின்றால் பழைய கதைதான். அலிபிரியிலிருந்து ஒருமுறை குடும்பத்தோடு நடந்து ஏறியவனுக்கு இந்த வகுப்பு எதற்கு?

அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். தொடக்கத்திலேயே செங்குத்தான ஏற்றம். காலி கோபுரத்தை எட்டுவதற்குள் வாலிபர்களுக்கே மூச்சு வாங்கும். அப்புறம் கொஞ்ச தூரம் சமதளம். மறுபடியும் முழங்கால் முறிச்சான். பெயரே போதும், விளக்கம் வேண்டாம்.

இதில் ஒரு குடும்பம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பத்து வயதுப் பையன் நாலு நாலு படியாகத் தாவுவான். பாட்டி பத்துப் படிக்கு ஒருமுறை உட்காருவாள். எல்லாரும் எப்போது மேலே போய்ச் சேருவார்கள்? பாட்டி போய்ச் சேரும்போதுதான். பையன் ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்று என்ன பயன்? குடும்பம் இல்லாமல் அவன் தரிசன வரிசையில் நிற்க முடியுமா? பாட்டியின் கைப்பையை வாங்கிக்கொண்டு, அவள் கையையும் பிடித்துக்கொண்டால் குடும்பமே அரை மணி முன்னதாகப் போய்ச் சேரும்.

அசெம்பிளி லைனும் இதுதான். ஒரு இடத்தில் வேலை தேங்கினால் மற்ற இடங்களை விரட்டுவதால் எண்ணிக்கை கூடாது. நடுவில் சாமான் குவியும், அவ்வளவுதான். தேங்கும் இடத்துக்கு ஒரு ஆளை அனுப்பவேண்டும். ஆனால் பல சூப்பர்வைசர்கள் செய்வது என்ன? வேகமாக இருப்பவனைப் பாராட்டி, மெதுவாக இருப்பவனை நாலு பேர் நடுவில் திட்டுகிறார்கள். திட்டு வாங்கியவன் கை இன்னும் நடுங்கும். எந்தத் தகப்பனாவது படியில் உட்கார்ந்துவிட்ட தாயாரைத் திட்டி மலை ஏற்றியதுண்டா?

இன்னொரு விஷயம். மூட்டைகளை அலிபிரியில் ஒப்படைத்துவிட்டால் தேவஸ்தானமே மேலே கொண்டு சேர்த்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் பாதி மலையில்தான் தெரியும், பாட்டியின் பிரஷர் மாத்திரை அந்தப் பைக்குள் போய்விட்டது என்று. பையைக் கட்டிய மருமகளுக்கு மாத்திரை எதில் இருக்கிறது என்று தெரியும். பையை ஒப்படைத்த மகனுக்குத் தெரியாது. இருவரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்தது.

ஷிப்டு மாறும் நேரத்தில் தொழிற்சாலைகளில் நடப்பதும் இதுவே. போகிறவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். வருகிறவன் கார்டு தேய்த்துவிட்டு நேரே மிஷினுக்குப் போகிறான். மிஷினில் மாலையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது என்பதோ, காவல் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறது என்பதோ அவனுக்கு யார் சொல்வது? இதில் போவது மாத்திரை அல்ல, விரல்.

மலைப்பாதையில் இன்னொரு பாடம் மிகவும் துயரமானது. 2023 ஆகஸ்டில் குடும்பத்தாருடன் அலிபிரிப் பாதையில் ஏறிய ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றுவிட்டது. அதற்கு முன் அதே ஆண்டு ஜூனில் ஒரு சிறுவன் தாக்கப்பட்டு உயிர் பிழைத்தான். அதன்பின்தான் பக்தர்கள் கூட்டமாகச் செல்லவேண்டும், பிற்பகலுக்குமேல் சிறு குழந்தைகளை நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்ற கட்டுப்பாடுகள் வந்தன. கையில் தடியும் கொடுத்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று பெரியவர்கள் காவலாக நடப்பதை அதற்குப் பிறகு அந்தப் பாதையில் பார்க்கமுடிகிறது.

ரயிலில் இந்த ஏற்பாடு ஆதி நாளிலிருந்தே உண்டு. பயணிகள் வண்டியில் முன்னால் டிரைவர், கடைசியில் கார்டு. கார்டு பச்சைக் கொடி காட்டாமல் டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. 2022-ல் கார்டுக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள், கொடி மாறவில்லை. தொழிற்சாலையில் வேகத்தைக் கூட்ட ஆள் இருக்கிறார். கடைசியில் நின்று எல்லாரும் பத்திரமா என்று பார்க்க ஆள் இருக்கிறாரா?

குடும்பத்தில் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்லிவிட முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது யார்? மலை மேல் தலைகளை எண்ணுவது யார்? ஆண்கள் 'டூர் நன்றாக இருந்தது' என்கிறார்கள். அந்த அம்மாளுக்கு அது இன்னொரு டியூட்டி. அவளும் வாரம் ஆறு நாள் ஏதோ ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்கிறவளாக இருக்கலாம்.

'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று சில நிர்வாகங்கள் ஓவர்டைம் கேட்கும்போது மட்டும் சொல்கின்றன. ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே போவது காண்டிராக்ட் தொழிலாளி. அவனுக்கு டீம் ஒர்க் வகுப்பும் கிடையாது. பாட்டியை அலிபிரியிலேயே விட்டுவிட்டு வந்தவர்களைக் குடும்பம் என்று யாரும் சொல்வதில்லை.

பலூன் ஊதும் வகுப்பை நிறுத்திவிட்டு, ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம் இரண்டு ஷிப்டுக்காரர்களும் மிஷின் பக்கத்தில் நின்று பேசட்டும். நிரந்தரத் தொழிலாளி, காண்டிராக்ட் தொழிலாளி என்ற பேதம் அதில் வேண்டாம். தெலுங்கு தெரியாத தமிழனும், தமிழ் தெரியாத தெலுங்கனும், இரண்டும் தெரியாத வடநாட்டுப் பையனும் நிற்கிற லைன்களில் இந்தப் பேச்சு மிகவும் அவசியம். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா, பஸ் காத்திருக்குமா என்பதை நிர்வாகங்கள்தான் சொல்லவேண்டும்.