பழைய சம்பளம்: தரையா, கூரையா?

பெண்ணிடம் வயதையும் ஆணிடம் சம்பளத்தையும் கேட்கக் கூடாது என்பார்கள். இப்போது வேலை கொடுப்பவர்கள் இருபாலாரிடமும் முதலில் கேட்பதே சம்பளத்தைத்தான்.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்துக் கீழ்வீட்டுப் பெண் மாடிக்கு வந்தாள். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல சம்பள பில் போட்டவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கைபேசியை நீட்டினாள். நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கிறாள். சென்னையில் ஒரு கம்பெனி அழைக்கிறது. மூன்று மாதச் சம்பளச் சீட்டை அனுப்பு, அதற்கு மேல் 30 சதவீதம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்தது கொரோனா காலத்தில். கிடைத்தது போதும் என்று சேர்ந்தவள். இப்போது வாங்குவது 22,000. அதற்கு 30 சதவீதம் சேர்த்தால் 28,600. அதே நாற்காலிக்கு 30,000 வாங்கும் ஒருவர் வந்தால் அவருக்கு 39,000 ஆகிவிடும். வேலை ஒன்றுதான். என்றோ ஒரு கெட்ட வருஷத்தில் சேர்ந்த குற்றத்துக்கு இந்தப் பெண் மாதம் 10,400 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். அடுத்த கம்பெனியிலும் இதே கணக்குத்தான் தொடரும்.

இந்தக் கணக்கில் நானும் ஒரு தடவை ஏமாந்தவன். காரைக்காலில் பிரெஞ்சில் படித்துவிட்டு, 1971-இல் வேலை தேடித் திருச்சிக்கு வந்தேன். பெரியகடைவீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடை. "முன்னே என்னப்பா வாங்கினே?" என்றார் முதலாளி. பிரெஞ்சில் தொண்ணூறுக்குத் தனிச் சொல் கிடையாது. நான்கு இருபதும் பத்தும் என்றுதான் சொல்ல வேண்டும். மனசுக்குள் அப்படிக் கூட்டிப் பார்த்து, உண்மையை மறைக்காமல் "தொண்ணூறு" என்றேன். "சரி, 105 வாங்கிக்கோ" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அதே பேரேட்டை எழுதியவனுக்கு 150. அவனிடமும் முதலாளி இதையேதான் கேட்டாராம். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க முதலாளி" என்றானாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

1974-இல் மத்திய அரசு வேலை கிடைத்தது. கீழ்நிலை எழுத்தர், சம்பள விகிதம் 260–400. யார் எவ்வளவு வாங்குகிறார் என்பது ஊருக்கே தெரியும். அங்கேயும் பழைய சம்பளத்தைப் பார்ப்போம். ஒருவர் மாற்றலாகி வந்தால் முதலில் தேடுவது எல்.பி.சி. என்ற கடைசி ஊதியச் சான்றைத்தான். பதவி உயர்வு என்றால் எஃப்.ஆர். 22 விதியைப் புரட்டி, ஓர் இன்கிரிமென்ட் சேர்த்துப் புதிய சம்பளத்தை நிர்ணயிப்போம். வாங்கியதற்குக் கீழே யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் காகிதமெல்லாம். எங்களுக்குப் பழைய சம்பளம் தரை. இவர்களோ அதையே கூரையாக்கிவிட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் சொல்வார்கள். நாங்கள் கொடுக்க முடியாத தொகையை எதிர்பார்ப்பவரோடு நான்கு சுற்றுப் பேசி என்ன பயன் என்பார்கள். சரி, அப்படியானால் விளம்பரத்திலேயே இன்னதிலிருந்து இன்னது வரை என்று போடலாமே? அரசு அறிவிக்கையில் சம்பள விகிதத்தை அச்சிட்டுத்தானே அந்தக் காலத்திலிருந்து ஆள் எடுக்கிறார்கள்?

வெளிநாடுகளில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. நியூயார்க் நகரத்தில் 2017-இலும் கலிஃபோர்னியாவில் 2018-இலும், விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பது தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் இதற்கு நெறிமுறை கொண்டுவந்து, 2026 ஜூன் 7-க்குள் சட்டமாக்க வேண்டும் என்று பிரான்ஸ் உட்பட உறுப்பு நாடுகளுக்குக் கெடு வைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஊதிய வித்தியாசத்தைக் குறைப்பதே நோக்கம். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டுத் திரும்பி வருபவளிடம் பழைய சீட்டைக் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் நம் நாட்டில் 1976-லேயே வந்தது. ஆனால் பழைய சம்பளத்தைக் கேட்காதே என்று சொல்லும் சட்டம் இங்கே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, தொகையைக் கூட்டிப் பொய் சொல்லாதே, பி.எஃப். கணக்கும் படிவம் 16-ம் உன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு, "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது எவ்வளவு?" என்று நீ முதலில் கேள். மூன்று, சி.டி.சி. என்ற பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதே. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதில் அடக்கம். கையில் வருவது எவ்வளவு என்று எழுதி வாங்கு.

கேட்டாள். சம்பளச் சீட்டை அவர்கள் விடவில்லை, வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். ஆனால் 28,600 என்றது 34,000 ஆயிற்று. அவளுடைய அப்பாவுக்கு மட்டும் உள்ளூரப் பயம். "கொடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் போகாம, பேரம் பேசினா வேலையே போயிடுமே சார்" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாமெல்லாம் அப்படிச் சொல்லித்தானே பிள்ளைகளை வளர்த்தோம்? உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்கு ரெண்டு ரூபாய் குறைத்துக் கேட்கக் கூச்சப்படாத நாம், சொந்த உழைப்புக்கு விலை கேட்பதை மட்டும் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டோம். பேரன் பேத்தி அடுத்த முறை யோசனை கேட்டு வந்தால், "கொடுத்ததை வாங்கிக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.