பேக்லிங்க் என்ன, மொய்ப் பணமா?



மதுரைக்காரர்களுக்கு மொய்யைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காதுகுத்தோ கல்யாணமோ, மண்டப வாசலில் ஒரு மேசை இருக்கும். முன்பு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதினார்கள். இப்போது லேப்டாப்பில் தட்டி ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். யார் எவ்வளவு செய்தார் என்ற கணக்கு பல வருஷம் பத்திரமாக இருக்கும். அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும்.

மொய் நல்ல ஏற்பாடுதான். அவசரத்துக்கு வட்டியில்லாப் பணம். ஆனால் ஒருவருக்கு எவ்வளவு மொய் விழுந்தது என்பதை வைத்து அவர் எவ்வளவு நல்லவர் என்று யாரும் முடிவு செய்வதில்லை. அவர் முன்னால் எத்தனை பேருக்குச் செய்தார் என்பதுதான் அதில் தெரியும்.

இணையத்தில் இதே குழப்பம் பேக்லிங்க் என்ற பெயரில் நடக்கிறது. சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் "ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்" என்று மெயில் வருகிறது, போன் வருகிறது. நம்பிப் பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்ட் டைம் வேலை என்று நினைத்து இந்த லிங்க் போடும் வேலையைச் செய்யும் மாணவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பு, அதைப் பெறுகிற தளத்துக்கு பேக்லிங்க். அவ்வளவுதான். ஆரம்பகாலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள வார்த்தைகளைத்தான் பார்த்தன. 'புடவை' என்று ஐம்பது தடவை எழுதிவிட்டால் மேலே வந்துவிடலாம் என்ற நிலை இருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட கட்டுரை இதை மாற்றியது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அதிகம் பேர் காட்டினால் அது முக்கியமான கட்டுரை. இதையே வெப்சைட்டுக்கும் பொருத்தினார்கள். அதன் பெயர்தான் பேஜ்ரேங்க்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு பக்கத்தின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டுரையில் சொன்னபடி, அதில் 85 சதவீதம் அந்தப் பக்கம் கொடுக்கும் லிங்க்குகளுக்குச் சமமாகப் பிரியும். 4 லிங்க் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 21.25 கிடைக்கும். அதே பக்கம் 400 பேருக்கு லிங்க் கொடுத்தால் ஆளுக்கு 0.2125 மட்டுமே! கண்டவருக்கெல்லாம் சான்றிதழ் கொடுப்பவரின் சான்றிதழுக்கு என்ன மரியாதையோ அதுதான் இங்கேயும். மதிப்பே இல்லாத பக்கத்திலிருந்து வரும் லிங்க்கில் பங்கு போட ஒன்றுமே இருக்காது. 'குவாலிட்டி பேக்லிங்க்' என்று சொல்வதன் அடிப்படை இதுதான். யார் சொல்கிறார், எத்தனை பேருக்குச் சொல்கிறார் என்பது முக்கியம்.

லிங்க்கில் எழுதியிருக்கும் வார்த்தைக்கும் எடை உண்டு. "இங்கே சொடுக்கவும்" என்று எழுதினால் தேடுபொறிக்கு ஒன்றும் புரியாது. "கைமுடிச்சு சுங்குடிப் புடவை" என்று எழுதினால் புரியும். இதை வைத்து ஒரு பெரிய விளையாட்டே நடந்தது. 2003-ல் பலர் கூடிப் பேசி 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தைகளில் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தார்கள். அந்த வார்த்தைகளைத் தேடினால் அவர் பக்கம்தான் முதலில் வந்தது! கூகுள் இதற்கு முழுதாக மருந்து கண்டுபிடித்தது 2007 ஜனவரியில்தான்.

மொய்க்கு மொய்

மதிப்பு என்று ஒன்று வந்துவிட்டால் போலியும் வந்துவிடும் அல்லவா? முதலில் வந்தது லிங்க் மாற்றிக்கொள்வது. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்." தமிழ் வலைப்பதிவர்களுக்கு இது புதிதல்ல. 2004-ல் தமிழ்மணம் திரட்டி வந்தபின் பதிவுகள் பெருகின. ஓட்டுக்கு ஓட்டு, பின்னூட்டத்துக்குப் பின்னூட்டம் என்ற வழக்கமும் பெருகியது. அதற்குப் பதிவர்களே வைத்த பெயர்தான் 'மொய்'. தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது.

அடுத்து, எல்லாப் பதிவின் பின்னூட்டத்திலும் லிங்க்கை ஒட்டுவது. இதைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியீட்டை ஏற்றன. இந்தக் குறியீடு உள்ள லிங்க்கை சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அர்த்தம். 2007-ல் விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகளுக்கு இதைப் போட்டது. 2019-ல் காசு கொடுத்த லிங்க்குக்கும் வாசகர் எழுதிய லிங்க்குக்கும் தனித்தனிக் குறியீடுகள் வந்தன. ஆகவே "பின்னூட்டத்தில் ஐந்நூறு லிங்க்" என்று ஒருவர் விற்றால், அதில் பெரும்பகுதி செல்லாக் காசு.

மூன்றாவது, நேரடியாக விலைக்கு வாங்குவது. இதில் மாட்டிய பெரிய உதாரணம் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி. 2010 கிறிஸ்துமஸ் சீசனில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் மேலே வந்தது. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அதற்கு ஆயிரக்கணக்கான லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தபோது, ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தேடல் ஆலோசகரை நீக்கியது. தண்டனை என்னவோ கடைக்குத்தான்!

இதைவிட வேடிக்கை, 2012 ஜனவரியில் கூகுள் தன் குரோம் பக்கத்தையே தேடலில் கீழே இறக்கியது. அதற்கு விளம்பரம் செய்தவர்கள் காசு கொடுத்து எழுத வைத்த பதிவு ஒன்றில் விதிக்கு மாறான லிங்க் இருந்ததுதான் காரணம். அதே ஆண்டு ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றம் வந்தது. போலி லிங்க்கை நம்பியிருந்த தளங்கள் வரிசையாகச் சரிந்தன. 2016-லிருந்து பெங்குவின் தொடர்ந்து இயங்குகிறது. இப்போது பெரும்பாலான போலி லிங்க்குகளைத் தண்டிப்பதுகூட இல்லை, எண்ணாமல் விட்டுவிடுகிறது. அதாவது கட்டிய பணம் சத்தமில்லாமல் போய்விடும். வாங்கியவருக்குக் கடைசிவரை தெரியவும் தெரியாது.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு கேள்வி

அக்கவுண்டன்சியில் 'நற்பெயர்' என்ற பாடத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஒரு கடை ஐம்பது வருஷமாகச் சம்பாதித்த நல்ல பெயர் அதன் இருப்புநிலைக் குறிப்பில் வராது. இன்னொருவர் அந்தக் கடையை வாங்கும்போது அதற்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகைதான் கணக்கில் வரும். ஏ.எஸ். 26 சொல்வதும் இதைத்தான். தானாக உருவான நற்பெயரைச் சொத்தாகக் காட்டக்கூடாது. காசு கொடுத்து வாங்கியதற்கு மட்டுமே இடம்.

கூகுளின் விதி இதற்கு நேர் தலைகீழ். தானாக உருவான நற்பெயர் மட்டுமே கணக்கில் சேரும். வாங்கியதைக் கண்டுபிடித்தால் தள்ளிவிடும். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மதுரையில் யார் சம்பாதித்தார்கள்?

அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். கட்டணம் கொடுப்பவர்களின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்பதுதான் முறை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை அதிகம் என்பதால் 1992-ல் ஆரோலேப் ஆரம்பித்துத் தாங்களே தயாரித்தார்கள். 1993-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் இதை கேஸ் ஸ்டடியாக எழுதியது. 2004-ல் சி.கே.பிரகலாத் தன் புத்தகத்தில் எழுதினார். இன்றைக்கு உலகின் எந்த மூலையில் மேலாண்மை படிப்பவரும் இந்தப் பெயரைப் பார்க்காமல் போவது கஷ்டம். பேக்லிங்க் வியாபாரம் பிறப்பதற்கு முன்பே செய்த வேலைக்குக் கிடைத்த சிபாரிசு இது.

இன்னொன்று, மதுரைப் பெயர் வைத்த மதுரைத் திட்டம். 1998 பொங்கலில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். சங்க இலக்கியம் பற்றி எழுதுபவர்கள் அந்தத் தளத்தைச் சுட்டுகிறார்கள். யாரும் கெஞ்சிக் கேட்கவில்லை. வேறெங்கும் எளிதில் கிடைக்காதது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

"இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு. ஒரு சின்னக் கடைக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மல்லிகைப் பூ வியாபாரி ஒருவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் விலையைத் தினமும் தேதி போட்டு ஒரு பக்கத்தில் எழுதி வந்தால் போதும். ஒரு வருஷத்தில் முகூர்த்த நாளில் எவ்வளவு, மார்கழிப் பனியில் வரத்து குறையும்போது எவ்வளவு என்ற கணக்கு அங்கே மட்டும் இருக்கும். செய்தி எழுதுபவருக்கு அது வேண்டும், புராஜெக்ட் செய்யும் மாணவருக்கும் வேண்டும். சுங்குடிக் கடைக்காரர் கைமுடிச்சுப் புடவையையும் அச்சடித்த புடவையையும் எப்படிப் பிரித்தறிவது என்று படத்தோடு எழுதலாம். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் விதைக்கடை வைத்திருப்பவர் அந்தந்த மண்ணுக்கு எந்த ரகம் நன்றாக வந்தது என்று போகம் போகமாக எழுதலாம். இந்தத் தகவல் சென்னையில் உட்கார்ந்து லிங்க் விற்பவரிடம் கிடையாது.

தெருவில் இருக்கும் கடையைத் தேடி வருபவர்களுக்கு லிங்க்கைவிட கூகுள் மேப்பில் சரியான முகவரி, நேரம், போன் நம்பர், உண்மையான வாடிக்கையாளர் கருத்து இவைதான் முதல் தேவை. லிங்க்குக்கு இருந்த எடை முன்பைவிடக் குறைந்துவிட்டது என்று கூகுள் ஆட்களே சமீப ஆண்டுகளில் சொல்லி வருகிறார்கள். ஆகவே பரோட்டாக் கடைக்கு ஆயிரம் பேக்லிங்க் வாங்குவது வீண்செலவு.

"பக்கத்துக் கடைக்காரர் காசு கொடுத்து மேலே வந்துவிட்டாரே?" வரலாம். சில மாதம் நிற்கவும் செய்யலாம். போலி லிங்க் ஒருநாளும் வேலை செய்யாது என்று சொன்னால் அது பொய். ஆனால் அடுத்த மாற்றத்தில் அது விழுந்தால் எதைப் பிடித்து எழுவது? நல்ல பக்கம் இருந்தால் அது மிஞ்சும். வாங்கிய லிங்க்கில் எதுவும் மிஞ்சாது.

கடைசியாக ஒன்று. தமிழில் எழுதுபவர்களிடம் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது. தகவலை எடுத்துக்கொள்வார்கள், படத்தை எடுத்துக்கொள்வார்கள், "நன்றி: இணையம்" என்று போட்டு முடித்துவிடுவார்கள். இணையம் என்ன ஓர் ஆளா? உழைத்து எழுதியவருக்கு ஒரு லிங்க் கொடுத்தால் எடுத்தவருக்கு என்ன குறைந்துவிடும்? நல்ல தமிழ்ப் பக்கங்கள் தேடலில் கீழே கிடப்பதற்குக் கூகுளை மட்டும் திட்டிப் பயனில்லை. மேலே ஏற்றிவிட வேண்டியவர்கள் அவற்றைப் படித்தவர்கள்தான்.

எனவே நண்பர்களே, இந்த வாரம் உங்களுக்கு உபயோகப்பட்ட ஒரு தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள். திருப்பித் தருவாரா என்று பார்க்க வேண்டாம். மொய் நோட்டில் எழுதவும் வேண்டாம்!