இருபது வருஷமா திறக்கவே இல்லையாம்!

மகாராஷ்டிராவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. சாத்தாராவில் வாடகைக்குத் தனி வீடு. போன மாதம் பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் ஒரே களக் களக் சத்தம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வயதானவர், நல்ல மனிதர் (வாடகை ஏற்றும் மாதம் தவிர). "சாஹேப், 2003-ல கட்டின டேங்க். இதுவரைக்கும் மூடியைத் திறந்ததே இல்லை" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை!

மக்களே, இந்தப் பெருமையை எத்தனை ஊரில் கேட்டிருக்கிறேன் தெரியுமா? வீட்டுக் கடன் பார்க்கிற வேலை எனக்கு. போகிற வீட்டில் எல்லாம் மாடுலர் கிச்சனைக் காட்டுவார்கள், மார்பிளைக் காட்டுவார்கள். செப்டிக் டேங்க் மூடி எங்கே என்றால் முழிப்பார்கள். மேலே டைல்ஸ் ஒட்டி காரை நிறுத்தியிருப்பார்கள்.

டேங்க் ஒன்றும் மாயப்பெட்டி இல்லை. கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும்தான் உறிஞ்சு குழிக்குப் போகும். பாக்டீரியா கொஞ்சம் தின்று குறைக்கும், எல்லாவற்றையும் அல்ல. அதனால்தான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்காவிட்டால் கசடு ஏறி, மலம் அப்படியே உறிஞ்சு குழிக்குப் போகும். பக்கத்திலேயே போர்வெல் வேறு.

என் கோபம் அதுகூட இல்லை. வருடக்கணக்கில் விட்ட கசடு இறுகிவிடுகிறது. லாரி வந்து மேல் தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு நின்றுவிடும். எங்கள் வீட்டிலும் அதே கதை. மறுநாள் காலையில் வாளியும் கயிறுமாக இரண்டு பையன்கள் நிற்கிறார்கள்.

"காகா, யாரும் இறங்கக் கூடாது" என்றேன்.

"அரே சாஹேப், அவங்களுக்குப் பழக்கம்தான்."

ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எப்படி ஐயா பழகுவது? கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்வான். பேப்பரில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது அதனால்தான். அந்தப் பையன்கள் என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரியவேண்டுமா என்ன? 'பழக்கம்' என்ற வார்த்தைக்குள்ளேயே அது இருக்கிறது.

2013-ஆம் வருடச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாகவோ மறைமுகமாகவோ என்று சட்டத்திலேயே இருக்கிறது. 'ஆளை அனுப்பியது கான்ட்ராக்டர்' என்று நழுவ முடியாது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில்.

"ஆள் இறங்கினாத்தான் சுத்தமாகும்" என்பதும் சுத்தப் பொய். ஒட்டச் சுரண்டவே வேண்டாம். அடியில் கொஞ்சம் கசடு இருந்தால்தான் பாக்டீரியா மறுபடி பெருகும். பையன்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினேன். திரும்ப வந்த லாரிக்காரர் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்துக் கரைத்து இழுத்தார். இரண்டு நாள், 6,000 ரூபாய். ஒழுங்காக எடுத்துவந்தால் ஒரே லோடு, 2,500 ரூபாய்தானாம். காமர்ஸ் படித்தவன் புத்தி, 36 மாதத்தால் வகுத்துப் பார்த்தேன். மாதம் 70 ரூபாய்கூட இல்லை! தேய்மானத்துக்கு ஒதுக்கத் தெரிந்த நமக்கு இதற்கு ஒதுக்கத் தெரியவில்லை.

இதே சாத்தாரா மாவட்டத்தில் வாயி என்ற சின்ன ஊர். 2018-லேயே அங்கே நகராட்சி முறை வைத்து, மூன்று வருடச் சுற்றில் வீடு வீடாக லாரி அனுப்ப ஆரம்பித்தது. அடைத்துக்கொண்ட பிறகு அலறவேண்டியதில்லை. இந்தப் பக்கத்திலேயே நடக்கிறது, நம் காகாவுக்குத் தெரியவில்லை.

ரொம்பப் பேசிவிட்டேன். அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். எங்கள் வீட்டு டேங்க் 1996-ல் கட்டினது.

"அண்ணே, நம்ம டேங்க் மூடி எங்க இருக்கு?"

"அப்பாவுக்குத்தாண்டா தெரியும்."

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"கார் ஷெட் போட்டப்ப மூடிட்டோம்னு நினைக்கிறேன்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

பொங்கலுக்குப் போகிறேன். ஷெட் தரையை உடைக்கக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. அண்ணி இன்னும் என்னிடம் பேசவில்லை.