புதைந்தது சாரதியின் தவறா, சில்லின் தவறா?



பளைப் பகுதித் தென்னந்தோட்டம் ஒன்றில் தேங்காய் ஏற்றிய உழவு இயந்திரம் மணலில் புதைந்தது. எட்டுப் பேர் இறங்கித் தள்ளினோம். மட்டை போட்டோம், மண்வெட்டியால் வெட்டினோம். பெட்டி அசையவில்லை. ஏற்றிய காயை எல்லாம் இறக்கி, வெறும் பெட்டியை இழுத்தெடுத்து, மீண்டும் ஏற்றி முடிக்க மத்தியானம் கடந்துவிட்டது. மாலையில் அரைநாள் சம்பளம் வெட்டப்பட்டது. “சாரதிக்கு ஓட்டத் தெரியவில்லை” என்றார் முகாமையாளர்.

சாரதிக்கு ஓட்டத் தெரியும். அந்தப் பெட்டிக்குப் பூட்டியிருந்தது தேய்ந்த பழைய லொறி ரயர். தார் வீதிக்கென்று செய்யப்பட்டது அது. ஒடுக்கமானது, விறைப்பானது, காற்றும் இறுக்கி அடிக்கப்பட்டது. ரயருக்குள் காற்று எவ்வளவு இறுக்கமோ, ஏறத்தாழ அவ்வளவு அமுக்கம் நிலத்தில் விழும். அதைத் தாங்காத மணலில் சில்லு கத்தி போல் இறங்கும்.

மணலுக்கு வேண்டியது அகன்ற ரயரும் குறைந்த காற்றும். காற்றைக் குறைத்தால் ரயர் நீளவாக்கில் படிந்து, பாரத்தைப் பரந்த இடத்தில் தாங்கும். 1930களில் லிபியப் பாலைவனத்து மணற்குன்றுகளைப் பிரித்தானிய அதிகாரி ரால்ஃப் பக்னோல்ட் மோட்டார் வண்டியில் கடந்ததும் காற்றைக் குறைத்துத்தான். தொண்ணூறு வருடத்துக்கு முந்திய இந்தப் பாடம் நமது தோட்டக் காரியாலயத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை!

குடாநாடு சிறியது, நிலமோ ஒன்றல்ல. பளையிலும் மணற்காட்டிலும் மணல். வலிகாமத்தில் செம்மண், அதற்கடியில் சுண்ணாம்புக்கல். அங்கே காற்றை மிகக் குறைத்தால் பக்கச்சுவர் கல்லில் கிழியும். அங்கு வேண்டியது மடிப்பு கூடிய, தடித்த ரயர். மாரியில் சேறாகும் தென்மராட்சி வயலில் ஆழமான பல் வேண்டும், தேவையானால் இரும்புச் சில்லும் வேண்டும். அதே ஆழப் பல், மணலில் விசை கூட்டிச் சுழற்றினால் குழி தோண்டும்.

அளவு ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 13.6-28 என்றால் அகலம் 13.6 அங்குலம், உள் வளையத்தின் விட்டம் 28 அங்குலம். அதே வளையத்துக்கு 12.4 அகலத்திலும் ரயர் உண்டு. வாங்குகிறவர் விலையைப் பார்த்து ஒடுக்கமானதை எடுப்பார், தள்ளுகிறவர் நாம்.

“ரயர் விலை தெரியுமா?” என்று கேட்கிறார்கள். தெரியும். எட்டுப் பேரின் அரைநாள், தேய்ந்த கிளச், வீணான டீசல், இவற்றின் விலை அவர்களுக்குத் தெரியுமா? தடத்தை மாற்றி ஓட்டலாமே என்கிறார்கள். முகமாலைப் பக்கம் போர்முனையாக இருந்த நிலம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடம் உள்ளவரை, தடத்தை விட்டு விலகு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

காற்றைக் குறைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அதே காற்றோடு பாரம் ஏற்றிப் பிரதான வீதியில் வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும், வளையத்தை விட்டுக் கழரும். ஆகவே மணலை விட்டு ஏறியதும் காற்று அடிக்க வேண்டும். அதற்குப் பம்பும் அமுக்கமானியும் வண்டியிலேயே இருக்க வேண்டும். அதை வாங்கித் தருவது சாரதியின் பொறுப்பல்ல.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் கைவைக்க இடம் தரவில்லை. வேலைநேரத்தில் வண்டி தள்ளுவதும் வேலையே. தள்ளும்போது காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி உரிமை கோரலாம்.

நமது கோரிக்கைகள்:

1. மணற்தோட்டத்தில் ஓடும் இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் அகன்ற ரயர்.
2. ஒவ்வொரு வண்டியிலும் பம்பும் அமுக்கமானியும்.
3. புதைந்த நேரத்துக்கு முழுச் சம்பளம்.
4. ரயர் வாங்குமுன் சாரதியின் கருத்தைக் கேட்டல்.

களுத்துறையிலும் கேகாலையிலும் விடியமுன் எழுந்து பால் வெட்டுபவர்கள் நமது தோழர்கள். அந்த இறப்பரில் செய்த ரயரை இந்த நாடு உலகத்துக்கு விற்கிறது. பளை மணலில் மட்டும் நாம் தேய்ந்த ரயரைத் தோளால் தள்ள வேண்டுமா?

அடுத்த முறை புதைந்தால், தள்ளுமுன் ரயர் அளவையும் காற்றையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மீதியைப் பேச்சுவார்த்தை மேசையில் பார்த்துக்கொள்வோம்!