வலி தாங்கும் தோலில் வழுத்தமிழா?



திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலகங்களில் உழைக்கும் நம் இளைஞர் தம் உடலையே ஏடாக்கி எழுதிக்கொள்கின்றனர். முன்கையில் தொடங்கிய பழக்கம் கழுத்துக்கு ஏறியது, காரையெலும்பின்மேல் அமர்ந்தது, விலாவிலும் முதுகந்தண்டிலும் முழங்கைக் குழியிலும் இறங்கிவிட்டது. எலும்பின்மேல் தசையில்லாத இடமும், தோல் மெலிந்த இடமும், நரம்பு செறிந்த இடமும் ஊசிக்கு மிக நோவன என்று தெரிந்தே போய் அமர்கின்றனர். பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பொறுக்கின்றனர். பொறுத்து அவர்கள் பெறுவது என்ன? பெரும்பாலும் ஓர் ஆங்கிலத் தொடர். அன்றேல் ஓர் இந்திச் சொல். அன்றேல் குத்தியவருக்கும் குத்திக்கொண்டவருக்கும் படிக்கத் தெரியாத ஒரு சீன எழுத்து! தமிழ்தான் வேண்டும் என்று கேட்டுப் பெறும் சிலர்க்கோ பிழைபட்ட தமிழே வாய்க்கின்றது. தோல் நம்முடையது, வலி நம்முடையது, எழுத்து மட்டும் அயலாருடையதா? நம் எழுத்தாயின், அது வழுவுடையதாக இருக்கலாமா? இவ்விரண்டையும் கேட்பதற்கே இக்கட்டுரை.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘டாட்டூ’ என்கின்றனர். டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. அது போகட்டும், இச்சொல் ஆங்கிலேயனுடையதாவது ஆகுமா? அதுவும் அன்று. 1769-இல் கப்பல் தலைவன் குக்கும் அவன் கூட்டத்தாரும் பசிபிக்குப் பெருங்கடலில் உள்ள தாகித்தித் தீவில் இறங்கினர். தீவினர் உடலில் மை குத்திக்கொள்வதைக் கண்டு, அதற்கு அவர்கள் வழங்கிய சொல்லையே எழுதிக்கொண்டு ஊர் திரும்பினர். ஆங்கிலம் தீவினரிடம் கடன் வாங்கியது; கையில் சொல் வைத்திருந்த தமிழன் அந்தக் கடனாளியிடம் போய்க் கடன் வாங்குகின்றான்! இதனினும் நாணத்தக்க வாணிகம் உண்டா? கரிய மைதான் குத்தப்படுகின்றது. தோலுக்குள் தங்கியபின் வெளியே பசுநீலமாகத் தோன்றுகின்றது. அதைக் கண்ணாற் கண்டு, ‘பச்சை’ என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அந்தச் சொல்லுக்கு என்ன குறை?

நம் அணியிலேயே சிலர், “பச்சை குத்துவது பண்பற்றோர் பழக்கம், அதில் தமிழ் என்ன, பிழை என்ன?” என்பர். அவர்கள் தம் பாட்டியின் கையைப் பார்த்ததில்லை போலும்! கொங்குநாட்டு முதிய பெண்டிர் முன்கையில் புள்ளிக்கோலமும் தேளும் இன்றும் காணலாம். ஊர் ஊராக வந்து அவற்றைக் குத்தியவர் குறத்தியர். மை செய்த முறையை எட்கர் தர்சுட்டன் 1906-இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார். மஞ்சளையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவர். அத்திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரிப்பர். மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். தையலூசி மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டிக் குத்துவர். குத்திய இடத்தைக் குளிர்ந்த நீரால் கழுவி மஞ்சள் பூசுவர். இது கல்லாமையா? கைத்தொழில் அறிவன்றோ! நீலமலைத் தொதவப் பெண்டிர் தோளிலும் மார்பிலும் புள்ளியும் வட்டமுமாகக் குத்திக்கொண்ட செய்தியை, அதே 1906-இல் வந்த ரிவர்சின் நூல் கூறுகின்றது.

இங்கே ஒன்று சொல்லிவிடல் வேண்டும். கழக இலக்கியங்கள் கூறும் தொய்யிலையே பச்சை என்று எழுதுவார் உளர். தொய்யில் குழம்பால் எழுதப்பட்டு அழிவது, ஊசி ஏறியதன்று. நம் பெருமைக்கு உள்ளதே போதும், மிகைப்படுத்தல் வேண்டா.

திருப்பூருக்குப் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உழைக்க வந்தோர் பலர். அப்பக்கத்துப் பெண்டிர் பலர் கைகளில் மரபுப் பச்சை உண்டு. அதற்கு ‘கோத்னா’ என்று அவர்கள் தம் பெயரே வைத்துள்ளனர். ஆயிரம் கல் தொலைவு பிழைக்க வந்தவர் தம் சொல்லைக் கைவிடவில்லை; பிறந்த மண்ணிலேயே இருப்பவன் கைவிட்டான். அவர்மேல் சினவாதீர்; அவரிடம் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி, தமிழில் எழுதிக்கொள்வாரிடம் வருவோம். இவர்மேல் நமக்குச் சினம் மிகுதி. ஏனெனில் அன்பும் மிகுதி.

எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், இன்று ஓவர்லாக்குப் பொறியில் தைப்பவர், குறளில் தோய்ந்தவர். ‘அறம்’ என்னும் சொல்லைத் தம் இடப்பக்க விலாவில் பெரிதாகக் குத்திக்கொள்ள விரும்பினார். விலாவோ மூச்சுக்கு மூச்சு அசைவது. தோலுக்கும் எலும்புக்கும் இடையே ஒன்றும் இல்லாதது. கண்ணீர் வழியப் பொறுத்திருந்து எழுந்து பார்த்தால், அங்கே நின்றது ‘அரம்’! இரும்பை அராவும் கருவி! றகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு அறியாத கை குத்தியது. குத்துமுன் எழுதிக் காட்டிய தாளை எவரும் படித்துப் பார்க்கவில்லை. மறம் வேண்டினவர் மார்பில் மரம் முளைப்பதும் இவ்வாறே. தாளில் பிழைத்தால் அடித்து எழுதலாம். தோலில் பிழைத்தால் ஒளிக்கற்றையால் பலமுறை சுட்டு அழிக்கவேண்டும். குத்திய வலியினும் அழிக்கும் வலி பெரிது, செலவும் பெரிது.

றகர ரகரம் ஒருபுறம் இருக்க, புள்ளியை எண்ணிப் பாருங்கள். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய நெறி. ஓலையில் எழுதினோரோ பெரும்பாலும் புள்ளியிடாமல் விட்டனர். அதனால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கின. ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் காட்ட 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் முனைய வேண்டியிருந்தது. ஓலையில் நேர்ந்த அதே இடர் தோலிலும் நேரும். தோலுக்குள் புகுந்த மை ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே பரவும். சிறிதாக நெருக்கிக் குத்திய புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போகும். மெலிதாகக் குத்தியது மங்கிப்போகும். ‘தமிழ்’ என்று குத்தியது ‘தமிழ’ என்று நிற்கும். ழகரத்தின் சுழியும் ணகரத்தின் வளைவும் அடைந்து கரும்பொட்டாகும்.

வேறொரு கேடும் உண்டு. தமிழ் எழுத்தைச் சரிவரக் கோக்கத் தெரியாத கணினி மென்பொருளில் சொல்லை இட்டால், எழுத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். அப்படியே அச்செடுத்து அப்படியே குத்துவார் உளர். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் அருகிருந்தால் நடக்குமா?

திருப்பூர் இளைஞரே, உம்மிடமே கேட்கின்றோம். துணிக்குச் சாயம் ஏற்றுமுன் ‘லேப் டிப்’ என்று சிறுதுண்டில் நனைத்துப் பார்க்கின்றீர். அயல்நாட்டு வணிகன் ஒப்புதல் தந்த பின்னரே சரக்கில் கைவைக்கின்றீர். பின்னல் துணி இழுபடும். இழுபட்டால் அச்சிட்ட எழுத்துக் கோணும் என்பதை உம்மினும் அறிந்தார் யார்? உம் தோலும் அவ்வாறே இழுபடுவது அன்றோ? ஐந்தாறு முறை வெளுத்தால் கிழியும் சட்டைக்கு மாதிரி பார்க்கின்றீர். சாகுமட்டும் உடுத்தும் தோலுக்கு மாதிரி பார்க்கமாட்டீரா?

பச்சை குத்தும் மின்பொறியின் பிறப்பையும் அறிந்துகொள்க. எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின்பேனா, தாளில் நுண்துளையிட்டுப் படியெடுக்கும் எழுதுகருவி. அதன் வழியிலேயே சாமுவேல் ஓரெய்லி என்பார் 1891-இல் நியூயார்க்கில் பச்சைகுத்தும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆக, அப்பொறியும் ஓர் எழுத்தாணியே. எழுத்தாணியைக் கையிலெடுப்பவன் எழுத்தறிந்திருத்தல் வேண்டாவா?

பச்சையால் தமிழ்நாடு அடைந்த இழிவு ஒன்றையும் மறைப்பதற்கில்லை. 1972-இல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கிய ம.கோ.இரா., பின்னர்த் தம் கட்சியினர் கையில் கட்சிக்கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 2016-இல் அன்றைய முதலமைச்சர் செயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில் பெண்கள் கைகளில் அவர் உரு குத்தப்பட்டது. வலி பொறாமல் அவர்கள் அழுத காட்சியை நாடே கண்டது. மாட்டுக்குச் சூடு போடுவது உரிமையாளன் பெயரறிய. மாந்தனுக்கு உரிமையாளன் யார்? கட்சிகள் மாறும், தலைவர்கள் மறைவர், தோல் மாறாது. ஒருவர் தம் உடலில் எதை எழுதுவது என்பதை அவரே, தம் உள்ளம் தெளிந்து, தம் காசில் முடிவு செய்தல் வேண்டும். கூட்டம் கூட்டிக் குத்துவது எக்கட்சி செய்யினும் அடிமைப் பொறியே. நம் இயக்கம் செய்யினும் அடிமைப் பொறியே!

இனி, குத்தத்தான் வேண்டும் என்று துணிந்தவர்க்குச் சில சொல்வோம்.

இடத்தை முதலில் தேர்க. மேல்தோல் ஓயாது உதிர்வது. அதன் கீழ்த்தோலில் மை தங்குவதாலேயே பச்சை நிலைக்கின்றது. உள்ளங்கை, உள்ளங்கால், விரற்பக்கங்களில் தோல் விரைந்து தேய்வதால் எழுத்து விரைந்து மங்கும். அங்கே வலி பொறுப்பது வீண். முழங்கைக் குழியிலும் முழந்தாளின் பின்புறத்திலும் மணிக்கட்டு மடிப்பிலும் எழுத்து மடியும். ஆங்கே சொல் வேண்டா. விலாதான் வேண்டுமெனின் ஒரே சொல்லாக, பெரிய எழுத்தாக, புள்ளிக்கு இடம்விட்டு எழுதுக. படையில் சேர எண்ணுவோர் கழுத்தையும் விலாவையும் மறந்துவிடுக. முன்கையின் உட்புறமும் புறங்கையும் அல்லாத இடத்து நிலைத்த பச்சையை இந்தியப் படை ஏற்பதில்லை. மரபுப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினர்க்கே விலக்கு உண்டு.

அடுத்துச் சொல்லை எழுதுக. தாளில் எழுதித் தமிழறிந்தார் இருவரிடம் காட்டுக. பின் பேனாவால் உடலில் எழுதி நின்றும் குனிந்தும் திரும்பியும் பார்க்க. கண்ணாடியில் இடம் வலம் மாறும். ஆதலால் பிறரைப் படிக்கச் சொல்க. படிப்பவர் தடுமாறினால் ஊசியைத் தொடாதே.

தேர்க்கூட்டத்தில் ஒரே ஊசியால் பத்துப் பேர்க்குக் குத்துவாரிடம் போகற்க. ஈரலைக் கெடுக்கும் நச்சுயிரியும் எய்ட்சு நச்சுயிரியும் ஊசிவழிப் பரவுவன. உறையைக் கண்முன் பிரித்த புதிய ஊசியும் புதிதாக ஊற்றிய மையுமே கொள்க. வெறும் வயிற்றோடும் உறக்கமின்றியும் கள் மயக்கத்தோடும் அமராதே. குடி குருதிப்போக்கை மிகுவிக்கும். நோவு மிகும் இடத்தை ஒரே நாளில் முடிக்க வீம்பு வேண்டா. இரண்டு மூன்று அமர்வாகப் பகுத்துக்கொள்க. குத்திய இடம் புண் என்பதை மறவாதே. மேலே ஆற இரண்டு மூன்று கிழமையாகும். அதுவரை சாயத்தொட்டியும் வெளுப்புநீரும் நீராவியும் பஞ்சுத் தூசியும் அதன்மேல் படலாகாது. நொய்யலாற்றையே கெடுத்த சாயநீர் அது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னதை மறந்தீரா? ஆறு தாங்காததை ஆறாப் புண் தாங்குமா? ஆதலின் பொங்கலைப் போன்ற நீண்ட விடுமுறைத் தொடக்கமே தக்க நாள்.

இறுதியாக நம் இயக்கத் தோழர்க்கு ஒரு சொல். கடைப்பலகையில் பிழை கண்டால் கொதிக்கின்றோம். தாளிகையில் பிழை கண்டால் மடல் எழுதுகின்றோம். இளைஞன் ஒருவன் தன் குருதியோடு கலந்து தமிழை எழுதிக்கொள்ளப் போகும்போது, “காட்டு தம்பி, படித்துப் பார்க்கின்றேன்” என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் உள்ளோம்? பச்சைகுத்தும் கடைகளுக்குச் சென்று, “எழுத்தைத் திருத்தித் தருகின்றோம், காசு வேண்டா” என்று தமிழாசிரியர் சொன்னால் அது தாழ்வா? பலகையை நாளை மாற்றலாம், தோலை மாற்றவியலுமா?

இளைஞரே! தமிழ் உம்மிடம் குருதி கேட்கவில்லை, வலி கேட்கவில்லை. உடலில் எழுதாமலே தமிழனாக வாழலாம், நன்றாகவே வாழலாம். ஆயின், எழுதுவதென்று துணிந்தால் பச்சை என்று சொல்லிக் குத்திக்கொள்க, தமிழில் குத்திக்கொள்க, பிழையறக் குத்திக்கொள்க. முதலில் எழுத்து; பின்னரே ஊசி!