கிளி எடுத்த சீட்டும் ‘நீ யார்?’ என்ற கேள்வியும்

சிராங்கூன் சாலையின் நடைபாதையில் கிளி சோதிடம் ஒருகாலத்தில் வழக்கமான காட்சி. வந்தவர் தம் பெயரைச் சொல்வார். கூண்டைவிட்டு வெளியே வரும் கிளி, அடுக்கி வைத்த சீட்டுகளில் ஒன்றை அலகால் கவ்வி எடுக்கும். சோதிடர் அதைப் பார்த்து, வந்தவரின் குணத்தையும் எதிர்காலத்தையும் சொல்வார். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, லிட்டில் இந்தியாவைச் சேர்ந்த மணி என்னும் கிளி உலகச் செய்திகளில் இடம்பெற்றது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்லப்போகும் அணியை அது சரியாகக் காட்டியது. ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதியிலும் அதன் கணிப்பு பலித்தது. இறுதியாட்டத்துக்கு அது நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்தது. கிண்ணத்தை வென்றதோ ஸ்பெயின்!

ஐந்து ஆட்டங்களைச் சரியாகச் சொன்னது மாயமா? ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு அணிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அப்படியானால், 32 கிளிகள் எதையும் அறியாமல் சீட்டு எடுத்தாலும், சராசரியாக ஒரு கிளிக்கு ஐந்தும் பலித்துவிடும். அந்த ஒரு கிளியைப் பற்றித்தான் செய்தி வரும். தவறிய 31 கிளிகளை யாரும் தேடுவதில்லை.

இன்றைய மாணவர்கள் கிளியைத் தேடிப் போவதில்லை. கைப்பேசியில் சில நிமிடங்கள் வினாக்களுக்கு விடையளிக்கிறார்கள். ‘நீ அமைதியை விரும்பும் அகமுகர்’, ‘நீ கூட்டத்தை விரும்பும் புறமுகர்’, ‘நீ வலப்பக்க மூளைக்காரர்’ என்று முடிவு வருகிறது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள். சிலர் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதும் அதையே சொல்கிறார்கள். கிளி எடுத்த சீட்டைக் கண்டு சிரிப்பவர்கள், இந்தச் சீட்டை மட்டும் நம்புவது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தரும் சோதனை ஒன்றை 1948ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் நடத்தினார். தம் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு குணநலத் தேர்வை அவர் கொடுத்தார். சில நாள்கள் கழித்து, ஒவ்வொருவரிடமும் ‘இதுதான் உன் குணம்’ என்று ஒரு தாளைத் தந்தார். அது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று மாணவர்கள் ஐந்துக்கு மதிப்பெண் இட்டனர். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் உண்மை தெரிந்தது: எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள்! அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்ற ஒரு சோதிட நூலைக் கொண்டு அவர் தொகுத்திருந்தார். யாருக்கும் பொருந்தும் பொதுவான சொற்களைத் தமக்கென்றே எழுதியவை என்று மனிதர் நம்பிவிடுவார்கள். கிளி சோதிடம் பலிப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

எல்லாக் குணநலச் சோதனைகளும் இப்படிப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. அகமுகர், புறமுகர் என்னும் பாகுபாட்டைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யூங் 1921ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் விளக்கினார். அந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்னும் அமெரிக்கத் தாயும் மகளும் மனிதரை 16 வகைகளாகப் பிரிக்கும் சோதனையை உருவாக்கினர். ஆனால், அவ்விருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஒரே நபர் சில வாரங்கள் கழித்து அதே சோதனையை எழுதினால் வேறு வகைக்குள் வந்துவிடுவதும் உண்டு.

வகை பிரிப்பதில் உள்ள சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் புரிந்துகொள்ளலாம். ஒரு வகுப்பில் 160 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பவர்கள் ‘உயரமானவர்கள்’, மற்றவர்கள் ‘குட்டையானவர்கள்’ என்று பிரித்தால் என்ன ஆகும்? 159 சென்டிமீட்டர் உயரமுள்ளவரும் 161 சென்டிமீட்டர் உயரமுள்ளவரும் வெவ்வேறு வகை. 161 சென்டிமீட்டரும் 180 சென்டிமீட்டரும் ஒரே வகை! குணமும் உயரத்தைப் போன்றதே. பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இன்றைய உளவியலாளர்களுள் பலர் ஒருவர் எந்த வகை என்று கேட்பதில்லை. ஒரு பண்பு அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்றே அளக்கிறார்கள்.

‘இடப்பக்க மூளைக்காரர் கணக்கில் வல்லவர், வலப்பக்க மூளைக்காரர் கலையில் வல்லவர்’ என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரி, 1981ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். மொழி போன்ற சில வேலைகளில் ஒரு பாதி கூடுதலாகப் பங்கெடுக்கிறது என்பது உண்மையே. ஆனால், ஒரு மனிதர் முழுவதும் ஒரு பாதியையே சார்ந்திருக்கிறார் என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவு அன்று. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1,000க்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்தனர். அப்படிப்பட்ட இரு வகை மனிதர்கள் இருப்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

மூளை மாறக்கூடியது என்பது மற்றொரு முக்கியமான செய்தி. லண்டன் டாக்சி ஓட்டுநராக உரிமம் பெற விரும்புவோர் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் பதிய வைக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அத்தகைய பயிற்சியாளர்களின் மூளையை ஆராய்ந்தவர்கள், 2011ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டனர். தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில், இடங்களை நினைவில் கொள்ள உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. அவர்கள் அனைவரும் வளர்ந்த பெரியவர்கள். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்கிறது பழமொழி. இளமையிலேயே பழக வேண்டும் என்ற அறிவுரையாக அது நல்லதே. பிறகு வளையவே முடியாது என்று பொருள்கொண்டால், அதை மூளை அறிவியல் ஏற்பதில்லை. பதின்ம வயதினருக்கோ இன்னும் வாய்ப்பு அதிகம். திட்டமிடுதல், உணர்ச்சியை அடக்குதல் ஆகியவற்றுக்கு உதவும் மூளையின் முன்பகுதி, 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

‘இது வெறும் விளையாட்டுத்தானே? இதனால் என்ன கேடு?’ என்று சிலர் கேட்கலாம். தம்மைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற ஆறுதலை இத்தகைய சோதனைகள் தருகின்றன என்பதும் உண்மை. பண்புகளில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. சிலர் இயல்பிலேயே அமைதியானவர்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால், பள்ளியின் சொற்போர்க் குழுவில் சேர ஆசைப்படும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். ‘நான் அகமுகர், மேடைப் பேச்சு எனக்கு வராது’ என்று அவள் முயலாமலே விலகிவிடுகிறாள். முயன்று தோற்றிருந்தால்கூட அவளுக்கு ஓர் அனுபவம் கிடைத்திருக்கும். ஒரு கைப்பேசித் திரை அதையும் பறித்துவிட்டது.

சிங்கப்பூருக்கு இந்தப் பாடம் புதியதன்று. விரைவு நிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம் என்று மாணவர்களைப் பிரிக்கும் முறை, 2024ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் நீக்கப்பட்டது. இப்போது ஒரே மாணவர் ஒரு பாடத்தை ஒரு நிலையிலும் மற்றொரு பாடத்தை வேறொரு நிலையிலும் கற்கலாம். ஒரு முத்திரை பிள்ளைகளின் தன்னம்பிக்கையைக் குறைத்துவிடக்கூடும் என்ற கவலையும் இம்மாற்றத்திற்கு ஒரு காரணம். பள்ளிகள் முத்திரையை அகற்றும் காலத்தில், மாணவர்கள் தாங்களே தங்கள்மீது வேறொரு முத்திரையைக் குத்திக்கொள்வது பொருத்தமாகுமா?

அப்படியானால், தன்னை அறிவது எப்படி? மனவிழிப்புப் பயிற்சி ஒரு வழியைக் காட்டுகிறது. தியான மரபுகளில் வேரூன்றிய இப்பயிற்சியை, 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபட்-ஜின் பல வாரப் பயிற்சியாக வடிவமைத்தார். இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் நடப்பதைத் தீர்ப்பளிக்காமல் கவனிப்பதே இதன் சாரம். வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவர், ‘நான் பயந்தாங்கொள்ளி’ என்று நினைப்பதற்கும் ‘இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது’ என்று கவனிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது முத்திரை, பின்னது வந்துபோகும் ஒரு நிலை.

இப்பயிற்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு, 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. பள்ளிகளில் எல்லாருக்கும் பொதுவாக மனவிழிப்புப் பயிற்சி அளித்ததால், வழக்கமான குணநலப் பாடங்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று அது காட்டியது. பலர் வீட்டில் பயிற்சியைத் தொடரவும் இல்லை. கட்டாயத்தால் மனம் கவனிக்கக் கற்றுக்கொள்வதில்லை. விருப்பத்தோடு பழகுபவருக்கே அது துணைபுரியக்கூடும்.

ஒரு சோதனையின் முடிவை விடையாகக் கொள்ளாமல் வினாவாகக் கொள்வதே அறிவுடைமை. ‘அகமுகர்’ என்று திரை சொன்னால், ‘எப்போது அமைதியாக இருக்கிறேன்? யாருடன் மனம்விட்டுப் பேசுகிறேன்?’ என்று ஒரு வாரம் தன்னைத்தானே கவனிக்கலாம். வகுப்பில் வாய் திறக்காத அதே மாணவி, தேக்காச் சந்தையில் பாட்டியோடு நின்று கடைக்காரரிடம் சளைக்காமல் பேரம் பேசுவதை அப்போது அவளே கண்டுகொள்வாள். அந்த மாணவிக்குப் பொருந்தும் சீட்டு எந்தக் கிளியிடமும் இல்லை.